வாலில் முடிச்சு விழுந்த பூனை

எந்தப் பூனையைக் கண்டாலும் ராத்தா முதலில் வாலைத்தான் பார்ப்பார். பார்ப்பதோடு விடமாட்டார். பூனை இடம் கொடுத்தால் இரண்டு விரலால் வாலை அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவிக்கொண்டு போவார், தஸ்பீஹ் மணி உருட்டுவதைப் போல. நுனிக்குக் கிட்ட ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

"இந்தா, முடிச்சு. தொட்டுப் பாருங்க தங்கச்சி."

நான் தொடமாட்டேன். அப்போது எனக்கு ஆறு மாதம். கர்ப்பிணிகள் பூனையின் கழிவைத் தொடக்கூடாது என்று எங்கோ வாசித்திருந்தேன். கழிவைத்தான் சொல்லியிருந்தார்கள், வாலைச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இல்லையே என்று கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவோம். இவர் சொந்த ராத்தா இல்லை, அடுத்த வீட்டுக்காரர். பாலாவிச் சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கல்யாணக் கார்டும் பேனரும் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பது அவர் தொழில். வயது நாற்பதுக்குக் கிட்ட, தனி ஆள். ஏழு வயதில், தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து குடும்பத்தோடு படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தும், என் மாமியாருக்கு அவர் "அந்த அகதிப் புள்ள"தான்.

"இன்னுமா மாமி அகதி? இன்னுமா புள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடையாளத்துக்குச் சொல்றதுதானே," என்றார் மாமி, வெங்காயம் உரித்தபடி. அவர் மனதில் ஒரு கெடுதலும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அஸர் தொழுதுவிட்டு ராத்தா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போடுவார். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் மூலை வெடித்த டெப் கணினி. வீதியில் உப்பு லொறிகள் போகும்போது புழுதி எழும்பும். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வரைவார். வரைவது எல்லாம் பூனை. ஆசைக்கு வரைகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வீட்டுப் பூனை இந்த உலகத்தில் எப்படி எப்படி நடந்து, எந்த எந்தக் கப்பலில் ஏறி, நம்முடைய குசினி அடுப்பு வரை வந்தது என்பதைப் படம் படமாகச் செய்துகொண்டிருக்கிறார் என்று.

"பூனைய ஒருத்தரும் புடிச்சி வளக்கல்ல தங்கச்சி. மனுசன் தானியம் சேத்து வெச்சான், எலி வந்திச்சி. எலிக்குப் பின்னால இது வந்திச்சி. வந்து பாத்திச்சி, புடிச்சிருந்திச்சி, நிண்டுட்டுது."

முதல் படத்தில் மண்ணால் கட்டிய ஒரு தானியக் களஞ்சியம். அதன் வாசலில் மணல் நிறத்தில் கோடு போட்ட பூனை. மூன்று கால் வெளியே, ஒரு கால் உள்ளே. அந்த ஒரு காலை அவர் ஒரு கிழமையாக, ஏழு நாளும், அழித்து அழித்து வரைந்தார். வலது காலா, இடது காலா என்று முடிவு செய்ய முடியவில்லையாம்.

"வலதுதான் ராத்தா, பிஸ்மி சொல்லி வெச்சிருக்கும்," என்றேன்.

சிரித்துச் சிரித்து டெப்பைக் கீழே போடப் பார்த்தார். ஆனால் அதற்காக வலது காலை வரையவில்லை. இரண்டு நாள் சந்திக் கடைக்குப் பின்னால் நின்று, பூனைகள் கதவு தாண்டுவதைப் பார்த்துவிட்டு வந்துதான் வரைந்தார். எந்தக் கால் என்பது இப்போது எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது படம் ஒரு தீவு. மனிதன் ஒருவனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் அடக்கியிருந்தார்கள். மெய்யாகவே அப்படி ஒரு புதைகுழி தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறதாம்.

"தீவுக்குப் பூனை நீந்தி வராது. யாரோ படகுல ஏத்தியிருக்காங்க. எலிக்காக ஏத்தினாங்களா, ஆசைக்கு ஏத்தினாங்களா? அதான் எனக்குத் தெரியோணும்."

கற்பிட்டிப் படத்துக்கு வரும்போதுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒல்லாந்தர் கோட்டை, கடல், கப்பலிலிருந்து இறங்கும் ஜாவாச் சிப்பாய்கள், அவர்களுடைய மூட்டைமேல் வாலில் முடிச்சு விழுந்த ஒரு பூனை. கிழக்குத் தீவுகளில் முடிச்சு வால் பூனைகள் அதிகம், அங்கிருந்து வந்த கப்பல்களில்தான் இங்கும் வந்திருக்க வேண்டும் என்பது ராத்தாவின் கட்சி.

"அது கதவுல நசுங்கின வால் ராத்தா. எல்லாரும் அப்பிடித்தானே சொல்றாங்க."

"எல்லாரும் எண்டா? எத்தனைல எத்தனை?"

இதுதான் அவர். "எல்லாரும்", "எப்பவும்", "ஒருத்தரும்" என்ற சொற்களை அவர் முன்னால் சொல்ல முடியாது. உடனே கேட்பார். கார்ட் அடிக்க வந்தவர்கள் "இப்ப எல்லாரும் இந்தப் பூவத்தான் போடுறாங்க" என்றால் அவர்களிடமும் கேட்பார். கோபமோ கேலியோ கிடையாது. மெய்யாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட முகம். அதுதான் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்கள்ட்டயும் எத்தனைல எத்தனை எண்டு கேட்டிருக்கும். அதான் இப்பிடி நிக்குது," என்பார் மாமி.

ஒரு படத்தை அவர் ஒரே தாளில் வரைவதுபோல் வரைவதில்லை. அடுக்கடுக்காக வரைவார். கடல் ஓர் அடுக்கு, கப்பல் ஓர் அடுக்கு, பூனை ஓர் அடுக்கு. திரையின் ஓரத்தில் அடுக்குகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண். கண்ணைத் தொட்டால் அது மூடும், அந்த அடுக்கு மறைந்துவிடும்.

ஒருநாள் அப்படி ஒரு கப்பலைக் காணாமல் ஆக்கினார். "அழிச்சிட்டீங்களா?" என்று பதறினேன்.

"அழிக்கல்ல. கண்ண மூடியிருக்கேன். உள்ளுக்கு இரிக்கு."

ராத்தாவின் வீட்டில் இருந்த பூனைக்கு ஜாவா என்று பெயர். மூன்று நிறம், வாலின் நுனியில் கொக்கிபோல் ஒரு முடிச்சு. பெயர்தான் ராத்தாவுடையது, பகல் தூக்கம் எங்கள் வீட்டில். தொடரின் கடைசிப் படம் ஜாவாவாக இருக்கும் என்று ராத்தா சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்திய படம்தான் முடியாமல் கிடந்தது.

அது அவர்கள் வந்த படகு. ஆட்கள், மூட்டைகள், ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளையின் இரண்டு கையும் எதையோ அணைத்தபடி வளைந்திருந்தன. கைக்குள் ஒன்றும் இல்லை.

"கரைக்கு வரக்குள்ள பூனை எண்ட கையில. படகுல ஏறினாப் பொறகு இல்ல," என்றார். "உம்மாதான் எடுத்தா. உம்மாட மடியில நாப்பது நாள் தம்பி. எப்பிடி எடுத்தா, எந்தக் கையால எடுத்தா, பூனை கத்திச்சா, ஒண்டும் ஞாபகமில்ல. உம்மாட்டக் கேட்டா அழுவா. நான் கேக்க முந்தியே மௌத்தாப் போய்ட்டா."

நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன்.

"குறை சொல்ல இல்ல தங்கச்சி. எலிக்காகவும் ஆசைக்காகவும் உலகம் முழுக்கப் பூனைய ஏத்தியிருக்காங்க. எங்கட படகுல ஏறல்ல. எப்பிடி எண்டு தெரிஞ்சாத்தான் படத்தக் கீற ஏலும்."

மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் அவளுக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. நான் மணிக்கூட்டை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டேன். பிள்ளையை ஏந்தியபடியே அவளுடைய மூச்சை எண்ணுவதற்கு அதுதான் வசதி. ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவேன். எண்ணி முடிந்ததும் சரியாக எண்ணினேனா என்று மறுபடியும் எண்ணுவேன்.

ஒரு காலை, தொட்டிலுக்குள் மகளின் காலடியில் ஜாவா சுருண்டு கிடந்தது.

ராத்தாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கட்டாயம் கேட்பார், பூனை இருக்கிற வீட்டில் எத்தனை பிள்ளைக்கு இழுப்பு, இல்லாத வீட்டில் எத்தனை என்று. என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது பயம் மட்டும். மாமியிடமும் சொல்ல முடியாது, பூனைக்குத் தீங்கு செய்தால் அல்லாஹ் கேட்பான் என்பார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டு நரகத்துக்குப் போன பெண்ணைப் பற்றி நானும் ஓதப்போன காலத்தில் கேட்டிருக்கிறேன். சிலாபத்தில் வேலை செய்யும் என் கணவர் வீட்டுக்கு வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

அடுத்த நாள் உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். தோளில் மகள், காலடியில் ஓர் அரிசிப் பை. பைக்குள் ஜாவா. பை கத்தும்போதெல்லாம் மகளைக் கொஞ்சம் உலுக்கினேன், அவளும் கத்தட்டும் என்று.

"தங்கச்சிக்கு ரெட்டப் புள்ளையா?" என்று கேட்டார் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

களப்போரத்தில் படகுகள் வந்து சேரும் துறையில், மீன் காயப்போட்டிருந்த வாடிக் குடிசைக்குப் பின்னால், பையை அவிழ்த்தேன். மீன் இருக்கிற இடம், பசியிருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜாவா ஓடவில்லை. இரண்டடி போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான்தான் ஓடினேன்.

மூன்று நாள் ராத்தா நெத்தலித் தட்டோடு வேலியோரம் நின்று கூப்பிட்டார். "ஜாவாவக் கண்டீங்களா தங்கச்சி?"

"இல்ல ராத்தா."

நாலாம் நாள் சந்தியில் 'காணவில்லை' என்று போஸ்டர் ஒட்டியிருந்தார். கல்யாணக் கார்ட் அடிக்கிற கடையல்லவா, நல்ல தடித்த தாளில், வாலின் முடிச்சைத் தனியாகப் பெரிதாக்கி வரைந்திருந்தார். ஓட்டோக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "பூனைக்குப் போஸ்டர் அடிச்சிரிக்கு, வோட்டும் கேக்குமோ?"

மகளின் இழுப்பு குறையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், வீட்டில் புகை ஏதும் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒரு நாள்கூடத் தவறாமல், காலையும் மாலையும் சாம்பிராணி. மாமி சொன்னார், நான் கடமையாகச் செய்தேன். நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினேன். ஒரு கிழமையில் இழுப்பு நின்றது. பூனையால் கொஞ்சம், புகையால் கொஞ்சம் என்று இருந்திருக்குமா? இப்போதும் எனக்குத் தெரியாது.

மறுபடியும் துறைக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிக்கார நானாவிடம், மூன்று நிறத்தில், வாலில் முடிச்சு விழுந்த பூனை ஒன்று வந்ததா என்று கேட்டேன்.

"முடிச்சு வாலா?" என்றார். "இந்தத் துறையில நேர் வாலோட ஒரு பூனையக் காட்டுங்க பாப்பம்."

திரும்பிப் பார்த்தேன். மீன் தலைகளைச் சுற்றிப் பூனைகள். ஒன்றின் வால் கொக்கி, ஒன்றின் வால் பாதியில் திரும்பியது, ஒன்றுக்கு வெறும் குஞ்சம். இத்தனை வாலை நசுக்க அங்கே ஒரு கதவும் இருக்கவில்லை. நான் குறிஞ்சிப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். இத்தனை வருடம் ஒரு வாலையும் பார்த்ததில்லை.

ஜாவா மட்டும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது என் நிலைமை விளங்கியது. ராத்தா தேடிக்கொண்டிருந்த விஷயம் இப்போது என்னிடம் இருந்தது. கப்பல்கள் வந்த கரையில் முடிச்சு வால்கள். சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவார்! ஆனால் பூனைக்குப் பயந்த நான் துறையில் பூனைகளின் வாலைப் பார்த்தபடி ஏன் நின்றேன் என்று கேட்பாரே. அவர் கேட்காத கேள்வி உண்டா? சொல்லவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, மகளோடு அவருடைய முற்றத்தில் இருந்தேன். படகுப் படம் திரையில் இருந்தது. ராத்தா தலை நிமிராமல் கேட்டார்.

"தங்கச்சி, தோளுல கைப்புள்ள. மத்தக் கையில பூனை. எப்பிடிப் புடிப்பீங்க?"

"பையில போட்டு," என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். "பைய உடம்புல முட்டாமத் தள்ளிப் புடிக்கோணும். கழுத்துல ஒரு முறுக்கு. ரெண்டு விரல மட்டும் உள்ளுக்கு விடணும், காத்துக்கு. பாரமா இருந்தா முழங்கால அடியில குடுக்கோணும், இல்லாட்டி அது பொறண்டு..."

நிறுத்திவிட்டேன். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. ராத்தா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பிடியே கொஞ்சம் வெச்சிருங்க," என்றார்.

வரைந்தார். என் தோள் கடுக்கத் தொடங்கும்வரை வரைந்தார். பிறகு "ம்" என்றார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஜாவாவைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற மனுசி கேட்காமல் விட்டது எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

அடுத்த வருடம் வாப்பாவின் காணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு மன்னாருக்கே போய்விட்டார். போகிற நாள் மாமி கட்டிப்பிடித்து அழுதார். "அகதிப் புள்ள போகுது," என்று தெருவெல்லாம் சொன்னார். வெளிநாட்டிலிருந்து தம்பி புது டெப் அனுப்பியிருந்ததால், பழையதை ராத்தா என் மகளுக்குக் கொடுத்தார்.

"கிறுக்கட்டும். படங்கள் உள்ளுக்கு இரிக்கு. நானும் ஒரு பிரதி வெச்சிருக்கேன்."

அந்தப் படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படகுப் படத்தில் பிள்ளையின் கை வெறுமையாகவே இருந்தது. கடைசியில் அது முடியாமலே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மகள் டெப்போடு ஓடிவந்தாள். அவளுக்கு இப்போது நாலு வயது. கண்ட இடமெல்லாம் தொடுவாள். "உம்மா, உங்கட மணிக்கூடு!"

படகுப் படம். அதில் மூடியிருந்த ஒரு கண்ணைத் தொட்டுத் திறந்திருக்கிறாள். கரையில் ஒரு பெண் நின்றாள். தோளில் கைப்பிள்ளை. மற்றக் கை நீண்டு, ஒரு பையை உடம்பில் முட்டாமல் தள்ளிப் பிடித்திருந்தது. இரண்டு விரல் உள்ளே. முழங்கால் பைக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய மணிக்கூடு. பையின் வாயிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் கொக்கிபோல் ஒரு முடிச்சு. முகம் மட்டும் வேறு யாருடையதோ. ராத்தாவின் சாயல் இருந்தது.

அடுக்கின் பெயரைப் பார்த்தேன். 'உம்மாட கை' என்று இருந்தது.

குற்றம் சாட்டுகிறாரா, மன்னித்திருக்கிறாரா, இல்லை, தேடிய கை கிடைத்ததும் யாருடையது என்று பார்க்காமல் வரைந்துவிட்டாரா? எது என்று யோசித்தபடி மகளின் கையிலிருந்து டெப்பை வாங்க மறந்து நின்றேன். அழிப்பது அவருக்கு ஒரு நொடி வேலை. கண்ணை மட்டும் மூடியிருந்தார்.

அந்த வார இறுதியில் உம்மா வீட்டுக்குப் போனபோது துறைக்குப் போய் நாலைந்து பூனைகளைப் படம் எடுத்தேன். அதில் மூன்று நிறத்தில் ஒரு குட்டியும் இருந்தது. வட்சப்பில் நீளமாக எழுதினேன். பிள்ளையின் இழுப்பு, என் பயம், சாம்பிராணி எல்லாம். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "ராத்தா, ஜாவாவை நான்தான் கொண்டுபோய் விட்டேன். குறிஞ்சிப்பிட்டித் துறையில். என்னை மன்னிக்க வேண்டும். இங்கே இருக்கிற பூனைகளுக்கு வாலில் முடிச்சு இருக்கிறது. அப்போதே தெரியும், சொல்லவில்லை."

நீலக்கோடு இரண்டும் விழுந்தன. 'எழுதுகிறார்' என்று வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. மகள் சோறு தின்று முடிக்கும்வரை நான் கைபேசியைக் கீழே வைக்கவில்லை.

பதில் வந்தது. ஸலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"எத்தனைல எத்தனை?"

நான் எண்ணவில்லை. நாலைந்து படம் எடுத்ததோடு ஓடிவந்துவிட்டேன். கண்ணால் பார்த்தால் போதாது, சில முடிச்சு முடிக்குள் ஒளிந்திருக்கும், தொட்டால்தான் தெரியும் என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். ஒரு கொப்பியும் பென்சிலும் அவள் கையில். வாடிக்குப் பக்கத்தில், மீன் தலை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கிழட்டுக் கடுவன் பூனை இருந்தது. குந்தினேன். கையை நீட்டினேன், இழுத்தேன், மறுபடியும் நீட்டினேன். வாலின் அடியில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டு போனேன். வெதுவெதுப்பாக இருந்தது. சின்னச் சின்ன எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குக் கீழே கடந்து போயின. நுனிக்குக் கிட்ட விரல் நின்றது.

"ஒண்டு," என்றேன்.

மகள் கொப்பியில் ஒரு கோடு போட்டாள்.